ஓட்டின் விளிம்பும் ஆய்கூடச் சாணையும்

பீங்கான் தரையோடு சூளையில் வேகும்போது சுருங்கும். சுருக்கம் நூற்றுக்கு 7 பங்காயின், 645 மில்லிமீற்றர் நீளமான சுடாத ஓடு 600 மில்லிமீற்றராகும், 6.5 பங்காயின் 603 மில்லிமீற்றராய் நின்றுவிடும். சூளை வெப்பத்திலோ களி அழுத்தப்பட்ட செறிவிலோ நேரும் சிறு வேற்றுமையே இதற்குப் போதும். ஒடுங்கிய இடைவெளியுடன் பதிக்கப்படும் ஓடுகளுக்கு இவ்வேற்றுமை பொருந்தாது. ஆதலின் அவற்றின் விளிம்புகளை வைரத்துணிக்கைகள் பதித்த சாணைச்சில்லுகளால் அரைத்து ஒரே அளவினவாக்குகின்றனர்.

அரைக்குங்கால் விளிம்பு தெறித்து மூளியாதல் உண்டு. சுட்ட ஓடு மீண்டும் குழைகளியாகாது. அதனைச் சுட்ட எரிபொருளும் வீணாகும். இக்குறைக்குக் காரணம் சில்லின் கதியா, ஓடு நகரும் கதியா, அரைக்கும் ஆழமா, நீரின் குறைவா? தொழிற்சாலைப் பொறியில் பல சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொழிற்படுதலின் ஆங்கு விடை காண்டல் அரிது. ஒன்றை மாற்றி, ஏனையவற்றை மாறாது நிறுத்துவதற்கே ஆய்கூடக் கருவி வேண்டப்படுகின்றது.

அக்கருவிக்கு முதற்கண் வேண்டுவது திண்மை. பீடம் அதிருமாயின், அதிர்வினால் விளைந்த மூளி ஓட்டின் குறையாகக் கொள்ளப்படும். ஆதலின் நிறைமிக்க வார்ப்பிரும்புப் பீடமே தக்கது. ஓட்டைப் பற்றும் இடுக்கி விளிம்புக்கு மிக அண்மையில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, இரு கதிகளையும் தனித்தனியே மாற்றும் வசதி. 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு நிமிடத்திற்கு 3000 முறை சுழலின், அதன் ஓரம் செக்கனுக்கு ஏறக்குறைய 23.6 மீற்றர் செல்லும். சில்லு தேய்ந்து விட்டங்குறைய இக்கதியுங் குறையும். அதனைத் திருத்திக் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, இடுக்கியின் கீழ் அமையும் விசைமானி. விளிம்பை நேரே அழுத்தும் விசையையும், சில்லு சுழலுந் திசையில் இழுக்கும் விசையையும் அது பிரித்தளக்கும். மழுங்கிய துணிக்கைகள் வெட்டாது தேய்ப்பன. அப்பொழுது அழுத்தும் விசை மிகும். இரு விசைகளின் விகிதத்தை நோக்கின், சில்லு மழுங்கும் நிலையை அறியலாம்.

நான்காவது, அளந்து பாயும் நீரும் முழு மூடியும். நீர் வெப்பந் தணிப்பதோடு தூசையும் அடக்கும். ஓட்டிலுள்ள சிலிக்காவின் நுண்டூசு நுரையீரலுக்குக் கேடு விளைப்பது.

சோதனைகளை ஆழம் ஏறும் வரிசையிற் செய்தல் தகாது. இறுதிச் சோதனைகள் தேய்ந்த சில்லிற்கே வாய்க்குமாதலின், தேய்வின் பயன் ஆழத்தின் பயன்போலத் தோன்றும். வரிசையைக் கலைத்துச் செய்து, ஒவ்வொரு மூளியின் அகலத்தையும் நுணுக்குக்காட்டியால் அளந்து குறித்தலே நன்று.