சாச்சா அந்தக் கண்ணைப் பாழாக்கவில்லை

1990இல் இடம்பெயர்ந்து, பல மாதங்களுக்குப் பின் கல்முனைக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் சுவர்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. அவற்றுக்கு வெள்ளையடிக்கச் சாச்சா சுண்ணாம்பு நீற்றினார். கொதித்த சுண்ணாம்பு அவருடைய வலது கண்ணில் தெறித்தது. பிற்பாடு, தானமாகக் கிடைத்த கோர்னியாவைப் பொருத்தினார்கள். ஒரு வருடத்துக்குள் அதுவும் வெளிறிப்போனது. “மௌத்தான ஒருவர் தந்த கண்ணை நான் பாழாக்கிட்டன்” என்று சாச்சா இன்றும் சொல்வார்.

கோர்னியா என்பது கண்ணின் முன்னாலுள்ள தெளிவான படலம். அதன் மேற்தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாகிறது. அதைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது மூலக்கலங்கள், கறுவிழியும் வெள்விழியும் சந்திக்கும் வளையத்தில் இருக்கின்றன. சுண்ணாம்பு அந்த வளையத்தை எரித்துவிட்டால், வெள்விழியின் தோல் இரத்தக்குழாய்களோடு உள்ளே படர்கிறது. தானக் கோர்னியாவோடு அந்த வளையம் வருவதில்லை. 1961இல் ஹட்சன் சில்வா கண்தானச் சங்கத்தைத் தொடக்கிய இலங்கை, வெளிநாடுகளுக்கே கோர்னியா அனுப்பும் நாடு. சாச்சாவுக்குக் குறைந்தது கோர்னியா அல்ல, மூலக்கலங்கள்.

அவற்றை ஆய்வுகூடத்தில் வளர்க்கலாம். ஆனால் எந்தத் தரையில் வளர்க்கிறோம் என்பது முக்கியம். எலும்பு மச்சையின் மூலக்கலங்களை மென்மையான பரப்பில் வைத்தால் நரம்புக்கலம் போலவும், கடினமான பரப்பில் வைத்தால் எலும்புக்கலம் போலவும் மாறத் தொடங்குகின்றன என்று 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜப்பானியர் செய்த ஒரு தட்டில் 37 பாகையில் கலங்கள் ஒட்டி வளரும். குளிரவைத்தால் கிழியாமல் தாளாகக் கழன்றுவரும்.

ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் நிறுவனம் தெரிந்தெடுத்த தரை, இளங்கொடியோடு நாம் புதைத்துவிடும் பன்னீர்க்குடச் சவ்வு. நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, அச்சவ்வில் வளர்த்து, கெட்ட கண்ணில் பதித்தார்கள். 2001இல் தொடங்கிய இந்தச் சிகிச்சையில், 200 பேரில் 71 சதவீதமானோருக்கு அது பலித்ததாக 2011இல் அறிவித்தார்கள். 2012இல் இன்னும் எளிய முறையொன்றை வெளியிட்டார்கள்: துணுக்கைப் பொடியாக நறுக்கி, கண்மேல் விரித்த சவ்விலேயே ஒட்டிவிடுவது. இதற்கு ஆய்வுகூடமே தேவையில்லை. கலங்கள் கண்ணிலேயே வளர்கின்றன.

எல்லாக் கண்ணுக்கும் இது மருந்தல்ல. குண்டுச் சிதறலால் விழித்திரையோ பார்வை நரம்போ அழிந்திருந்தால் பயனில்லை. இரு கண்ணும் எரிந்தவருக்கு வேறொருவரின் கலம் வேண்டும்; உடல் அதை நிராகரிக்காதிருக்க மருந்தும் வேண்டும். சுண்ணாம்பு பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுமுன் சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவுங்கள். பொருத்திய கோர்னியா வெளிறியிருந்தால், “வளையத்தில் மூலக்கலம் மிஞ்சியிருக்கிறதா?” என்று கண் வைத்தியரிடம் கேளுங்கள்.

சாச்சாவின் இடது கண் நல்ல கண். போன மாதம் இதையெல்லாம் அவருக்கு விளங்கப்படுத்தினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர் ஒன்றை மட்டும் கேட்டார்: “அப்ப, அது என்ட பிழை இல்லையா மகன்?”