திரைக்குப் பின் நிற்பார்க்குச் சிறப்பு

விளக்கேற்றித் திரை விலகியவுடன் நம் கண்கள் யாரை நாடுகின்றன? அரசனாய் வருவானை நாடுகின்றன. அவன் தேவியாய் வருவாளை நாடுகின்றன. கோமாளி தோன்றின் அவனை விட்டு அகலா. பாட்டு நன்றாயின் பாடினவரைப் புகழ்வோம். ஆட்டம் நன்றாயின் ஆடினவரைப் புகழ்வோம். இப்பாட்டும் ஆட்டமும் நகையும் அழுகையும் ஒன்றன்பின் ஒன்றாய் உரிய வேளையில் உரிய அளவில் வருமாறு திங்கட்கணக்காய் உழைத்த ஒருவர், மேடையின் ஓரத்து இருளில் நின்று கொண்டிருப்பார். அவரை நாம் காண்பதில்லை. அவர் தம் தொழிலைச் செவ்வனே செய்திருந்தால் காணவும் இயலாது. காணப்படாமையே தொழிலின் இலக்கணமாய் உள்ள ஒருவர்க்குப் பரிசளிப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு உலகம் எவ்வெவ்வாறு விடை கண்டது என்பதை ஈண்டுச் சுருக்கமாய் ஆராய்வோம்.

இக்காலத்தார் இவரை இயக்குநர் என்பர். நம் முன்னோர் வாத்தியார் என்றனர். பழைய நாடகக் கம்பெனிகளில் வாத்தியார் என்பவர் கதை அமைப்பார், பாட்டு எழுதுவார், மெட்டுச் சொல்லிக் கொடுப்பார், வசனத்தை உருவேற்றுவார், நடையும் நிலையும் கற்பிப்பார், பிழை செய்த பிள்ளையைத் தண்டிக்கவும் செய்வார். ஆசிரியர், இசைப் புலவர், இயக்குநர், காவலர் ஆகிய நால்வர் தொழிலும் அவர் ஒருவர் தலைமேலேயே இருந்தன.

அவ்வாத்தியார்களுள் தலைமை பெற்றவர் நம் ஊரில் உறங்குகின்றார். விழுப்புரஞ் செல்லும் பெருஞ்சாலையிலுள்ள மூலக்குளத்தில் வாழும் நாம், வடகிழக்கே நகரைக் கடந்து சென்றால் கருவடிக்குப்பத்தை அடையலாம். அங்கேதான் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி உள்ளது. அவர் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். இளமையில் உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதினார். பின்னர் நாடகத்தைத் தம் வாழ்வாக்கிக் கொண்டார். முதலில் அவரும் வேடம் புனைந்தவரே. சனீசுவரன் வேடத்தோடு விடியற்காலையில் அவர் எதிர்ப்பட, கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி உயிர் நீத்தாள் என்றும், அன்றுமுதல் அவர் நடிப்பதை விடுத்துப் பயிற்றுதலையே மேற்கொண்டார் என்றும் கூறுவர். கதை எங்ஙனமாயினும், மேடையின் நடுவினின்று ஓரத்திற்கு அவர் தாமே விலகினார் என்பது மெய்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலாய நாடகங்கள் அவர் யாத்தவை. அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். வயது வந்த நடிகரிடம் ஒழுங்கு காணாமையால் சிறுவரைக் கொண்டு சபைகள் அமைத்தார். 1918-இல் மதுரைத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அதிற் சேர்ந்தபோது தி. க. சண்முகத்திற்கு ஏறத்தாழ ஆறே வயது. அச்சிறுவரும் அவர்தம் உடன்பிறந்தாரும் பிற்காலத்தே டி. கே. எஸ். சகோதரர் எனத் தமிழகமெங்கும் புகழ் பெற்றனர். சுவாமிகளோ பக்கவாதத்தால் கையுங் காலும் வாயும் தளர்ந்து, 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த இப்புதுச்சேரியில் மறைந்தார். பாட்டுக்களைப் பல்லாயிரம் வாய்களுக்குக் கற்பித்தவர் இறுதியிற் பேச்சிழந்து கிடந்தார் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் உருகுகின்றது. அவர் காலத்தில் நாடக ஆசிரியர்க்கென்று அரசு விருது எதுவும் இருந்ததில்லை.

ஆயினும் விருதினும் பெரியதொன்று அவர்க்கு வாய்த்தது. தென்மாவட்டத் திருவிழாக்களில் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தை நம்மிற் பலர் கண்டிருப்போம். ராஜபார்ட் ஓர் ஊரினின்றும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரினின்றும், பபூனும் நடனக்காரியும் வேறு வேறு ஊர்களினின்றும் தனித்தனியே பேசி வரவழைக்கப்படுவர். அவர்கள் ஒருவரையொருவர் அன்றிரவே காணுதலும் உண்டு. ஒத்திகை இல்லை; இயக்குநர் இல்லை. எனினும் இரவு பத்து மணியளவில் ஆர்மோனியம் ஒலிக்கத் தொடங்கினால் பொழுது புலரும்வரை நாடகம் தடையின்றி நடைபெறும். இஃது எங்ஙனம் கூடும்? சுவாமிகள் எழுதிய பாடம் எல்லோர்க்கும் பொதுவாதலின் கூடும். எப்பாட்டின்பின் எப்பாட்டு வரும், எவ்விடத்தே தருக்கம் எழும் என்பதை எல்லோரும் அறிவர். இயக்குநர் இல்லா அந்நாடகத்திற்கு மறைந்த மாமனிதரே இயக்குநர். ஆண்டுதோறும் நவம்பர் 13-இல் நாடகக் கலைஞர் கருவடிக்குப்பத்திற் கூடி வணங்குவது இந்நன்றியினால் அன்றோ?

நிற்க. பிற நாட்டார் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் பார்ப்போம். அமெரிக்கத் திரைப்படக் கழகத்தார் 1929-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் முதன்முதல் பரிசளித்த ஞான்று, இயக்குநர்க்கு இரண்டு பரிசுகள் வைத்தனர். உணர்ச்சிப் படத்திற்கு ஃபிராங்க் போர்சேகியும் நகைச்சுவைப் படத்திற்கு லூயிஸ் மைல்ஸ்டோனும் பெற்றனர். அடுத்த முறையே இரண்டையும் ஒன்றாக்கினர். நகைச்சுவைக்குத் தனித் தட்டு வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கு அன்றே தோன்றியது. மேடை நாடகத்திற்குரிய டோனி விருது 1947-இல் தொடங்கியபோது எலியா கசான் இயக்கத்திற்காகப் பாராட்டப் பெற்றார்.

தொலைக்காட்சிக்குரிய எம்மி விருது 1949-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதல் வழங்கப்பெற்றது. அன்று ஆறு பரிசுகளே இருந்தன. அவற்றுள் இயக்குநர்க்கு ஒன்றும் இல்லை. சிறந்த கலைஞர்க்குரிய பரிசைப் பெற்றவர் ஷர்லி டின்ஸ்டேல் என்னும் கல்லூரி மாணவி. கைப்பொம்மை ஒன்றைப் பேசவைப்பது அவர் வித்தை. பொம்மையின் பின்னிருந்து பேசுவார் பரிசு பெற்றனர்; மேடையின் பின்னிருந்து ஆட்டுவிப்பார் இன்னுஞ் சில ஆண்டுகள் காத்திருந்தனர். 1950-களில் இயக்கத்திற்கு எம்மி வந்தது. பாட்டும் நடனமும் நகையும் விரவிவரும் பல்சுவை நிகழ்ச்சிக்குத் தனிப் பிரிவு 1960-களில் வந்தது. வாரந்தோறும் வருந் தொடர் வேறு, ஆண்டிற்கொருமுறை வருஞ் சிறப்பு நிகழ்ச்சி வேறு என்னும் பகுப்பும் அதன்பின் ஏற்பட்டது. இப்பிரிவுகள் சேர்வதும் பிரிவதும் பின்னும் பலமுறை நிகழ்ந்தன.

இப்பகுப்பிற்குக் காரணம் உண்டு. தொடரை இயக்குபவர்க்கு இவ்வாரம் நேர்ந்த பிழையை அடுத்த வாரம் திருத்த வழியுண்டு. சிறப்பு நிகழ்ச்சியை இயக்குபவர்க்கோ ஓர் இரவே உண்டு. பல காமிராக்கள் ஒரே வேளையில் காட்டும் பல காட்சிகளை அவர் எதிரே கண்ணாடித் திரைகள் வரிசையாய்க் காட்டும். பாடுபவர் முகமா, ஆடுபவர் அடியா, அவையோர் கண்ணீரா, எது வீட்டிலுள்ளார் காணவேண்டியது என்று நொடிக்கு நொடி அவர் துணிதல் வேண்டும். ஒரு நொடி பிந்தினாற் சுவை போயிற்று.

1972-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் நியூயார்க் நகர அரங்கொன்றில் பாப் ஃபாசி என்பார், லைசா மினெல்லி பாடி ஆடிய நிகழ்ச்சியை எட்டுக் காமிராக்களால் ஒரே முறையிற் படம் பிடித்தார். அடுத்த ஆண்டு அதற்கு எம்மி பெற்றார். அவ்வாண்டே திரைப்படத்திற்கு ஆஸ்காரும் மேடை நாடகத்திற்கு டோனியும் பெற்றார். மூன்று அரங்கிலும் இயக்கத்திற்காக ஒரே ஆண்டில் முடிசூடியவர் அவரே. டுவைட் ஹெமியன் என்பார் இத்துறையிலேயே வாழ்நாளைக் கழித்துப் பதினெட்டு எம்மி விருதுகளைப் பெற்றார். எனினும் அவர் பெயரை அறிந்தார் சிலரே. அவர் இயக்கிய பாடகரை அறியாதார் எவருமில்லை. 2021-இல் இப்பரிசைப் பெற்ற போ பர்னம், கொள்ளைநோய்க் காலத்தில் ஓர் அறையினுள் தனியே இருந்து, தாமே எழுதித் தாமே பாடித் தாமே படமும் பிடித்தவர். பல தொழிலும் ஒருவர் தலைமேல் நிற்கும் பழைய வாத்தியார் நெறி, கடல் கடந்து புதுக்கோலம் பூண்டு நின்றாற் போலும்.

நம் நாட்டிற்கு வருவோம். சுகுண விலாச சபையை 1891-இல் நிறுவி, தாமே நாடகங்கள் எழுதி, தாமே நண்பர்க்குப் பயிற்றி மேடையேற்றிய பம்மல் சம்பந்த முதலியார்க்கு 1959-இல் பத்மபூஷண் வந்தபோது வயது எண்பத்தாறு. சங்கீத நாடக அகாதமி 1953-ஆம் ஆண்டு ஜனவரியில் முறைப்படி தொடங்கி வைக்கப்பெற்றது. அதன் விருதுகளில் நாடக இயக்கத்திற்கெனவும் ஒரு பிரிவு உண்டு. 1959-இல் வங்கத்துச் சம்பு மித்ராவும், 1962-இல் இப்ராகிம் அல்காசியும் அதனைப் பெற்றனர். அல்காசியிடம் பயின்ற பேராசிரியர் சே. இராமானுஜம், 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிலரங்கிற்கும் பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திற்கும் உழைத்தவர். அவர்க்கு அவ்விருது வந்தது 2008-இல்.

நம் புதுச்சேரியும் இவ்வரலாற்றிற் பின்தங்கவில்லை. மும்பையில் ஆதிசக்தி என்னும் நாடகக் குழுவைத் தொடங்கிப் பின்னர் அதனை இங்குக் கொணர்ந்த வீணாபாணி சாவ்லா, 2011-இல் இயக்கத்திற்கான அகாதமி விருதைப் பெற்றார். கூடியாட்டம், களரி முதலியவற்றின் மூச்சையும் அசைவையும் நடிகர்க்குப் பயிற்றிப் புதிய நாடகங்கள் ஆக்கிய அவர், 2014-ஆம் ஆண்டு நவம்பரில் மறைந்தார். புதுவைப் பல்கலைக்கழகம் தன் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரையே இட்டது. அப்பள்ளிக்கு முதற்றலைவராய் இருந்து வழிகாட்டியவர் இந்திரா பார்த்தசாரதி. புதுவை அரசு சிறந்த திரைப்படத்திற்கு வழங்கும் விருதும் சுவாமிகள் பெயராலேயே வழங்கப்பெறுகின்றது. உயிரோடிருந்த நாளில் விருது பெறாதவர், இன்று பிறர்க்கு விருதாய் விளங்குகின்றார்!

ஆயினும் ஒன்று நம் உள்ளத்தை உறுத்துகின்றது. சிறப்பு ஏன் எப்பொழுதும் காலந்தாழ்த்தே வருகின்றது? தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு முதலாய சின்னத்திரை விருதுகள் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரிலேதான் உரியவர் கைக்கு வந்தன. பதின்மூன்று ஆண்டு என்பது கலைஞனொருவன் வாழ்நாளில் சிறு பகுதியன்று. அதற்குள் தொழிலை விட்டாரும் உண்டு. உலகை விட்டாரும் உண்டு. பசித்தவனுக்கு உரிய வேளையில் இடாத சோறு எவ்வளவு சுவைத்தும் என்ன பயன்?

அரசினரை மட்டும் குறை கூறி நாம் தப்பித்தல் தகாது. நம் கல்லூரி ஆண்டுவிழாவொன்றில் நேர்ந்ததைச் சொல்லி நம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோம். அன்று அரங்கேறிய நாடகம் முதற்பரிசு பெற்றது. கதாநாயகனாய் நடித்த நண்பர் கோப்பையைக் கையில் ஏந்தினார், கூட்டம் ஆரவாரித்தது, நாமும் கை வலிக்கத் தட்டினோம். மாலைதோறும் வகுப்பு முடிந்தபின் இரண்டு திங்கள் அந்நாடகத்தைப் பயிற்றிய மூத்த மாணவரோ, திரையிழுக்கும் கயிற்றைக் கையிற் பிடித்தபடியே பக்கத்தில் நின்றார். அவரை மேடைக்கு அழைக்க எவர்க்கும் தோன்றவில்லை. மறுநாள் நாம் நாணத்தோடு அவரிடஞ் சென்று மன்னிப்புக் கேட்டபோது அவர் நகைத்து, "இரண்டாங் காட்சியில் விளக்கு அரை நிமிடம் பிந்தியதை யாரேனும் கண்டீர்களா?" என்று மட்டும் வினவினார். எவரும் காணவில்லை என்றோம். அவர் முகம் மலர்ந்தது.

அம்மலர்ச்சி நமக்குப் பாடமாயிற்று. பிழை எவர் கண்ணிலும் படாமைதான் அவர் வேண்டிய பரிசு. அவர் வேண்டாமையால் நாம் கொடாமல் இருத்தல் நேர்மையன்று. விருதென்பது பெறுபவர்க்கு எவ்வளவு பயன்படுமோ அறியோம். கொடுப்பவர்க்குப் பெரிதும் பயன்படும். ஏனெனில் காணாததைக் காணுமாறு அது நம் கண்ணைத் திருப்புகின்றது. இயக்கத்திற்கெனத் தனிப் பரிசு வைத்த நாட்டார், மேடையின் ஓரத்தை நோக்கத் தாமே கற்றனர்.

ஆதலின் நண்பர்களே! வரும் ஆண்டுவிழாவில் நடித்தார்க்குப் பரிசளிக்கும்போதே பயிற்றினார்க்கும் ஒரு பரிசு வைப்போமாக. பெரிய கோப்பை வேண்டா. பெயர் சொல்லி அழைத்து மேடையின் நடுவே ஒரு நொடி நிறுத்தினாற் போதும். நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் ஓய்வு கிடைக்குமாயின் கருவடிக்குப்பம் சென்று வருவோமாக. அங்கே கூடும் நடிகர், பயிற்றினார்க்கு நன்றி செலுத்துவது எங்ஙனம் என்பதை நமக்குக் காட்டுவர்.