சக்கர வீட்டைத் தோப்பில் நிலையாக நிறுத்துவது எப்படி?

(பண்ணை வானொலிப் பேச்சு)

தோப்புக் காவலுக்கோ, அறுவடை சமயத்தில் தங்கிக்கிடவோ பழைய டிரெய்லர் வீட்டை வாங்கி நிறுத்துகிறவர்கள் உண்டு. இரும்பு அடிச்சட்டத்தின் மேல் அறை கட்டி, சக்கரம் மாட்டி, வண்டியில் பூட்டி இழுத்து வருகிற வீடு அது. கொண்டு வந்ததும் நாலு செங்கல்லை அண்டை கொடுத்துவிட்டு, "அதுபாட்டுக்கு நிற்கும்" என்று விட்டுவிடுகிறோம். இது சரியா? ஓடுவதற்காகச் செய்த வண்டி அது. அதை நிற்க வைக்கிற வேலையை நாமதான் செய்யணும்.

2018 நவம்பர் 16-ந் தேதி, நள்ளிரவுக்குப் பிறகு நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயலை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காய்த்துக் குலுங்கிய தென்னைகளே வேரோடு சாய்ந்தன. கொஞ்சம் கணக்குப் பாருங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டர் சுவரை ஏறக்குறைய 68 கிலோ பளுவுக்குச் சமமாகத் தள்ளும். 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள பக்கச் சுவரில் இது சுமார் 850 கிலோ! ஒன்றரை டன் எடையுள்ள வண்டிகூடச் சாய்ந்துவிடலாம்.

முதலில் இடம். மழைத் தண்ணீர் தேங்காத மேட்டுப் பாங்கான இடமா இருக்கணும். தென்னை மரம் விழுந்தால் எட்டுகிற தூரத்தில் வேண்டாம். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். அங்கே ஒன்றரை அடி தோண்டி, அரை அடிக்கு மணல் கொட்டி, தண்ணீர் விட்டு நன்றாகத் திமிசு போட்டு, அதன் மேல் காங்கிரீட் படுகை போடுங்கள்.

அடுத்தது மட்டம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொடணும். கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டமே போதும். முதலில் இடம் வலம் பாருங்கள், பிறகு முன் பின் பாருங்கள். வெறும் ஜாக்கி தாங்கிக்கொண்டிருக்கும்போது அடியில் ஒருத்தரும் நுழையக் கூடாது.

மூன்றாவது தாங்கு தூண். நாலு மூலையிலும் இருக்கிற மடக்குக் கால்கள் ஆட்டத்தை அடக்கத்தான். வீட்டின் பளுவைத் தாங்க அல்ல. பக்கத்துக்கு மூன்றாக ஆறு தூண் கட்டுங்கள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று பளு அதிகம் விழுகிற அச்சுக்குப் பக்கத்தில். தூண் தலை இரும்பு அடிச்சட்டத்தில்தான் முட்டணும்; தரைப் பலகையில் முட்டினால் பலகை பிளந்துபோகும். டயரைக் கழற்றி நிழலில் வையுங்கள். அச்சை அப்படியே விடுங்கள், பின்னால் நகர்த்த உதவும்.

நான்காவதுதான் உயிரான வேலை: இழுத்துக் கட்டுவது. தூண் கீழ்நோக்கி வரும் பளுவைத்தான் தாங்கும். காற்று தூக்கினால் பிடிக்காது. மின்கம்பத்துக்கு ஸ்டே கம்பி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். நாலு மூலையிலும் குழி தோண்டி, இரண்டடி நீளம், அகலம், உயரத்தில் காங்கிரீட் கட்டி போட்டு, கொக்கிக் கம்பியை உள்ளே பதியுங்கள். ஒரு கட்டியே 500 கிலோவுக்கு மேல் இருக்கும். காங்கிரீட் நன்றாக இறுகின பிறகு, அடிச்சட்டத்திலிருந்து இரும்பு வடம் கொண்டுவந்து, முறுக்கி இறுக்குங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் வருஷா வருஷம் துருவும் தளர்ச்சியும் பார்க்கணும்.

இன்னும் இரண்டு சங்கதி. உடம்பெல்லாம் இரும்பான வீடு, ஆகவே மின் இணைப்புக்கு எர்த் கட்டாயம். அடிப்பக்கத்தைச் சுற்றி அடைத்தால் காற்றோட்டத்துக்கு வலை வைத்த திறப்பு விடுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கித் தங்கிவிடும். சிலிண்டரை வெளியே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நல்லாக் கட்டினாலும், புயல் எச்சரிக்கை வந்தால் அதற்குள்ளே படுக்க வேண்டாம். காவல்காரரையும் அழைத்துக்கொண்டு கெட்டிக் கட்டடத்துக்குப் போய்விடுங்கள். வீடு சாய்ந்தால் நிமிர்த்திக்கிடலாம். ஆள் போனால் வருமா?