இறாலுக்கு இல்லாத கலம்

புத்தளத்துக் கரையில் ஏலத்துக்கு வருகிறவற்றை இரண்டு குவியலாகப் பிரிக்கலாம். ஒரு பக்கம் சுறா, திருக்கை, அறக்குளா, பாரை, சூடை. மறுபக்கம் இறால், நண்டு, சிங்கி இறால், கணவாய். விலையைப் பார்த்துப் பிரிக்கவில்லை. முதற்குவியலில் கிடக்கும் எல்லாவற்றுக்கும் கிருமியை இனங்கண்டு எதிர்க்கும் ரி கலங்கள் உண்டு; இரண்டாவதில் ஒன்றுக்குக்கூட இல்லை. தாடையுள்ள முள்ளந்தண்டு விலங்குகள் தோன்றிய காலத்தில், ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தக் கலங்கள் வந்தன. அந்தக் கணக்கில் நாம் சுறாவின் பக்கம்.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த காலத்தில் நிர்ப்பீடனப் பாடத்தைப் புத்தகத்தின் ஒழுங்கில் நான் தொடங்குவதில்லை. முந்தல், உடப்புப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிணநீர்க் குழியம் தெரியாவிட்டாலும் இறால் குளம் தெரியும். அதில் விழுந்த வீடுகளும் தெரியும். வெண்புள்ளி நோய் 1996இல் இங்கே வந்தபோது சிலாபத்திலிருந்து புத்தளம் வரை குளங்கள் வரிசையாகச் செத்தன. என் அண்ணனுக்கும் முந்தல் களப்போரம் குளம் இருந்தது. உணவுத் தட்டில் வைத்த தீன் தொடாமல் அப்படியே திரும்பி வந்ததுதான் முதல் அடையாளம். மறுநாள் விடியப் பார்த்தால் இறால்கள் வரம்போரம் ஒதுங்கி நிற்கின்றன. கையை விட்டால் துள்ளி ஓடவில்லை. ஒன்றை எடுத்துத் தலையோட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டின் உட்புறத்தில் ஊசித்தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள். அந்த நோய் தொடங்கினால் மூன்றிலிருந்து பத்து நாளுக்குள் குளம் முழுவதும் முடிந்துவிடும். குளத்துத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டவர்களும், அதே வாய்க்காலிலிருந்து தண்ணீர் ஏற்றியவர்களும் பக்கத்துப் பக்கத்துக் குளக்காரர்கள். ஒல்லாந்தர் வாய்க்கால் களப்புகளைத் தொடுத்துக்கொண்டு போகிறது. நோயைத் தரும் வைரசும் அந்த வழியே போனது.

“ரீச்சர், பிள்ளைக்குப் போடுற மாதிரி இறாலுக்கும் ஒரு ஊசி போட ஏலாதா?” இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வரும். நானும் அதற்காகவே காத்திருப்பேன்.

இறால் ஒன்றும் கையாலாகாத உயிரல்ல. அதன் குருதியிலும் கலங்கள் இருக்கின்றன. அவை கிருமியை விழுங்கும், காயத்தைக் கறுப்பாக்கி அடைக்கும், பற்றீரியாவைக் கொல்லும் சிறு புரதங்களை ஊற்றும். ஆனால் வருகிற எல்லாக் கிருமிக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான். இந்த வைரஸ் இன்னது, இதற்கென்று ஒரு கலத்தைப் பெருக்குவோம், அடுத்த முறைக்குச் சேமித்து வைப்போம் என்ற ஏற்பாடு அதனிடம் இல்லை. தடுப்பூசி என்பது அந்தச் சேமிப்பை முற்கூட்டியே செய்து வைக்கும் வேலை. சேமிக்கும் கலமே இல்லாத உடம்பில் ஊசி எதைப் பிடித்துக்கொள்ளும்? நோர்வேயில் சல்மன் பண்ணைக்காரர்கள் மீன்குஞ்சு ஒவ்வொன்றுக்கும் வயிற்றில் ஊசி போடுகிறார்கள். அதன் பிறகு அங்கே அன்ரிபயோட்டிக் பாவனை ஏறக்குறைய ஒழிந்தே போனது. சல்மன் முதற்குவியலைச் சேர்ந்தது. நமது இறால்காரர்களுக்கு மிஞ்சுவது பரிசோதித்த குஞ்சு வாங்குவதும், வலயத்துக்கு வலயம் குஞ்சு விடும் காலத்தைக் குறித்துத் தரும் பயிர் நாட்காட்டியைப் பார்த்து நடப்பதும்தான்.

சரி, நம்மிடம் இருக்கும் அந்தக் கலம் எங்கிருந்து வருகிறது? என்பு மச்சையில் பிறக்கிறது. அங்கே இருக்கும்வரை அது ரி கலம் அல்ல. குருதியோடு போய் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே கிடக்கும் தைமஸ் சுரப்பியில் நுழைந்த பிறகே ஆகிறது. இந்தச் சுரப்பி சிறு வயதில் பெரிதாக இருந்து, பருவமடைந்த பிறகு சுருங்கிக் கொழுப்பாகிப் போவதால், ஒரு காலத்தில் அதை வேலையற்ற உறுப்பு என்று தள்ளி வைத்திருந்தார்கள். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற முப்பது வயது ஆராய்ச்சியாளர் பிறந்தவுடன் எலிக்குட்டிகளின் தைமஸை வெட்டியெடுத்துப் பார்த்தார். குட்டிகள் முதலில் நன்றாகத்தான் இருந்தன. பால்குடி மறந்த பிறகு மெலிந்து, தொற்று வந்து செத்தன. வேறு எலியின் தோலை ஒட்டினால் அதையும் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டன. அந்நியத்தை அந்நியம் என்று அறியும் திறமை தைமஸோடு போயிருந்தது. ஓர் உறுப்பின் வேலையை இவ்வளவு பிந்திக் கண்டுபிடித்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

தைமஸுக்குள் நடப்பது ஈவிரக்கமில்லாத வேலை. ஒவ்வொரு கலமும் தன் மரபணுத் துண்டுகளைக் கண்டபடி வெட்டி ஒட்டித் தனக்கென ஒரு வாங்கியை, கிருமியைத் தொட்டறியும் புரதத்தை, மேற்பரப்பில் கட்டிக்கொள்கிறது. எந்தக் கிருமி வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது; ஆகவே கோடிக்கணக்கான வகைகள் குருட்டாம்போக்கில் உண்டாகின்றன. கண்டபடி செய்ததில் பெரும்பாலானவை எதற்கும் உதவா, சில ஆபத்து. ஆகவே இரண்டு இடத்தில் அவை வடிக்கப்படுகின்றன. நம் கலங்கள் தங்களுக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை மேற்பரப்பில் ஒரு தாங்கியில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தாங்கியைத் தொட்டறிய முடியாத ரி கலம் முதலாவது இடத்தில் சாகும். தாங்கியில் உள்ள நமது சொந்தத் துண்டையே இறுகப் பிடிக்கும் கலம் இரண்டாவது இடத்தில் சாகும். ஈரலிலும் சதையியிலும் மட்டும் உண்டாகும் புரதங்களைக்கூடத் தைமஸ் தானே செய்து காட்டிச் சோதிக்கிறது. உள்ளே போகும் நூறில் வெளியே வருவது ஐந்துக்கும் குறைவு. தப்பி வரும் ஒரு சில தவறான கலங்கள் சதையியின் இன்சுலின் கலங்களை அழித்தால் பிள்ளைக்கு முதலாம் வகை நீரிழிவு வருகிறது.

வெளியே வந்த கலம் உடனே வேலைக்குப் போவதில்லை. குருதிக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கும். களப்பில் மட்டி ஓடு காலை வெட்டிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கவட்டில் நெறி கட்டுகிறதல்லவா? காயம் பாதத்தில், வீக்கம் தொடையடியில். தோலுக்கடியில் கிளைவிட்டுக் கிடக்கும் ஒருவகைக் கலம் காயத்தில் புகுந்த கிருமியை விழுங்கி, துண்டாக்கி, தாங்கியில் ஏற்றிக்கொண்டு நிணநீர் வழியே அந்தக் கணுவுக்குப் போகிறது. 1973இல் ரால்ப் ஸ்ரைன்மன் கண்டுபிடித்த கலம் அது. 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. கணுவில் ரி கலங்கள் ஒன்றொன்றாக வந்து அந்தத் துண்டைத் தொட்டுப் பார்க்கின்றன. பொருந்தும் வாங்கி உள்ளது இலட்சத்தில் ஒன்றாக இருக்கலாம், பத்து இலட்சத்தில் ஒன்றாகவும் இருக்கலாம்.

பொருந்தினால் மட்டும் போதாது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக் காசோலையில் தலைவரோடு பொருளாளரும் ஒப்பமிட்டால்தானே வங்கி காசு கொடுக்கும்? கிருமி வந்த பதற்றத்தில் இருக்கும் கலத்தின் மேற்பரப்பில் மட்டும் தோன்றும் வேறொரு புரதம் அந்த இரண்டாவது ஒப்பம். அது இல்லாமல் துண்டு மட்டும் கிடைத்த ரி கலம் செயலற்றுப் படுத்துவிடும். தைமஸில் தப்பிய தவறான கலங்கள் நம்மில் பெரும்பாலானோரை ஒன்றும் செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டும் கிடைத்தால் கலம் பிரியத் தொடங்கும். நாலைந்து நாளில் ஒன்று ஆயிரமாகும். அந்தப் பெருக்கத்தாலும் வந்து சேரும் கலங்களாலும்தான் கணு வீங்குகிறது. நெறிக்குப் பற்றுப் போடுகிறவர்கள் பாதத்துக் காயத்தையும் கழுவ வேண்டும். வேலை தொடங்கியது அங்கே.

பெருகிய கலங்கள் எல்லாம் ஒரே தொழில் செய்வதில்லை. கொல்லும் கலங்கள் வைரஸ் புகுந்த நமது சொந்தக் கலத்தைத் தேடிப்பிடித்துத் துளையிட்டுச் சாகடிக்கும். உதவிக் கலங்கள் தாமாகக் கொல்வதில்லை, மற்றவர்களை ஏவிவிடும். எச்.ஐ.வி. புகுந்து அழிப்பது இந்த உதவிக் கலங்களைத்தான். ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 500க்கு மேல் இருக்கவேண்டியவை 200க்குக் கீழே போனால் அது எயிட்ஸ். கொல்லும் கலங்கள் மிச்சமிருந்தும் அந்த நோயாளிகளைக் காசநோய் கொண்டுபோகிறது.

உதவிக் கலம் எந்த வகையில் ஏவுகிறது என்பதிலும் உயிர் இருக்கிறது. தொழுநோயைப் பாருங்கள். ஒரே பற்றீரியா. ஒருவருக்குத் தோலில் உணர்ச்சியற்ற ஒன்றிரண்டு தேமல். இன்னொருவருக்கு உடம்பெங்கும் கட்டி, தோலில் கணக்கற்ற கிருமி. முன்னவரின் உதவிக் கலங்கள் விழுங்கும் கலங்களைத் தூண்டிவிட்டுக் கிருமியை ஒடுக்கியிருக்கின்றன. அந்தச் சண்டையில் நரம்பும் சிதைந்திருக்கிறது. பின்னவரின் கலங்கள், குருதியில் மிதக்கும் பிறபொருளெதிரி என்ற புரதத்தைச் செய்யும் பக்கம் சாய்ந்துவிட்டன. கலத்துக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைப் பிறபொருளெதிரி தொடாது. இலங்கையில் இன்றும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. மருந்து இலவசம், நோய் முற்றாக மாறும். தேமலை மறைப்பதுதான் விரலைத் தின்கிறது.

மூன்றாவது ஒரு கூட்டம் அடக்கும் கலங்கள். சண்டை போதும் என்று மற்ற ரி கலங்களை நிறுத்துவது அவற்றின் வேலை. இப்படி ஒன்று உண்டு என்று ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி சொன்னபோது பலர் நம்பவில்லை. 2025இல் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரோடு அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இவ்வளவும் நுணுக்குக்காட்டிச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் இடது புயத்தைப் பாருங்கள். பிறந்த ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் போட்ட பீ.சீ.ஜி. ஊசியின் தழும்பு அங்கே இருக்கும். இலங்கையில் 1949இல் தொடங்கிய ஊசி அது. போட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துச் சிவந்து, கட்டியாகி, சிலருக்குச் சீழ் வடிந்து, மெல்லக் காயும். மருந்தின் வீக்கம் அல்ல அது. கக்கத்துக் கணுவில் பெருகிய ரி கலங்கள் ஊசி போட்ட இடத்துக்குத் திரும்பி வந்து செய்த வேலை. எண்ணெய் பூசவோ மஞ்சள் வைக்கவோ வேண்டாம் என்று மிட்வைப் சொல்வது இதற்காகத்தான். நடக்கிற வேலை நடக்கட்டும், கையை எடுங்கள் என்கிறார்.

வாடியில் ஒருவருக்குக் காசநோய் என்றால், கூட இருந்தவர்களில் சிலருக்கு முன்கையில் மான்டூ ஊசி போடுவார்கள். காசநோய்க் கிருமியின் புரதம் தோலுக்குள் ஒரு துளி. அந்தக் கிருமியை முன்பு சந்தித்த ரி கலங்கள் உடம்பில் சேமிப்பில் இருந்தால் அவை குருதியிலிருந்து இறங்கி வந்து அந்தத் துளியைச் சூழும். ஒவ்வாமைத் தடிப்பைப் போல அரை மணியில் வருவதல்ல. கலங்கள் வந்து சேர்ந்து, மற்றவற்றை அழைத்து, தோலைத் தடிக்கச் செய்ய இரண்டு மூன்று நாளாகும். ஆகவே 48 மணித்தியாலத்துக்கும் 72 மணித்தியாலத்துக்கும் இடையில் கையைத் தடவி, சிவப்பை விட்டுவிட்டுத் தடிப்பை மட்டும் மில்லிமீற்றரில் அளக்கிறார்கள். பொதுவாக 10 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் கவனிப்பார்கள். தடித்திருந்தால் நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை; கிருமியைச் சந்தித்த கலங்கள் இருக்கின்றன என்பதுதான். நெஞ்சுப் படமும் சளிப் பரிசோதனையும் மிச்சத்தைச் சொல்லும்.

நம் பக்கத்தில் நடப்பது என்னவென்றால், ஊசியைப் போட்டுக்கொண்டு மறுநாள் கடலுக்குப் போய்விடுகிறார்கள். ஐந்தாம் நாள் கரைக்கு வந்து கையைக் காட்டினால் தடிப்பு வற்றியிருக்கலாம். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஊசி வீண், வந்து போன நாளும் வீண். மான்டூ போட்டுக்கொண்டவர்கள் அந்த மூன்று நாளும் கரையில் நில்லுங்கள். கையைக் காட்டி அளந்து எழுதிய பிறகு போட்டை இறக்குங்கள்.