எந்த மடை திறந்திருக்கிறது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதற்குரிய முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில்தான் விண்ணப்பித்தோம். குமாரலிங்கபுரத்து வருமானச் சான்றும் அவ்வழியே வருகிறது. ஆகவே அந்தச் சர்வருக்கு வெளியாள் என்ன கட்டளை இடலாம் என்பது ஊர்க் கவலையும் ஆகிறது.

சர்வருக்கு இடும் கட்டளைக்கு ‘மெதட்’ என்று பெயர். ‘கெட்’ என்றால் பக்கத்தைக் கொடு; ‘போஸ்ட்’ என்றால் விவரத்தை வாங்கிக்கொள்; ‘புட்’ என்றால் இதை அங்கே வை; ‘டெலீட்’ என்றால் அழி. ‘ஆப்ஷன்ஸ்’ எவையெவை செல்லும் என்று விசாரிக்கும். ‘டிரேஸ்’ அனுப்பியதை அப்படியே திருப்பிச் சொல்லும். எல்லாம் 1999-இல் வெளியான எச்டிடிபி 1.1 விதிகளில் உள்ளவையே.

அரசு இணையதளங்களைச் செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளர்கள் சோதிக்கிறார்கள். இத்தகைய சோதனைகளில் பயர்வால் உட்பட வெளியே தெரியும் முகவரிகளை ஒரு நிரல் தட்டிப் பார்க்கும். ‘ஆபத்தான மெதட்கள் திறந்துள்ளன’ என்ற வரி அறிக்கையில் அடிக்கடி வரும். உடனே எல்லாவற்றையும் அடைப்பாரும் உண்டு, படிக்காமலே ஒதுக்குவாரும் உண்டு.

கண்மாய்க் கரையில் மடை இருப்பதாலேயே நீர் போய்விடாது. கதவு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆப்ஷன்ஸ் தரும் பட்டியல் வெறும் பெயர்ப்பலகைதான். அனுமதி பெற்று, புட் வழியே ஒரு சிறு கோப்பை அனுப்பிப் பார்த்தால் உண்மை தெரியும். 405 என்று பதில் வந்தால் சர்வர் மறுத்துவிட்டது. 201 வந்தால் கோப்பு உள்ளே போய்விட்டது! 2017-இல் டாம்கேட் சர்வரில் இதுவே நடந்தது: விண்டோசில், ‘ரீட்ஒன்லி’ காவலை எடுத்துவிட்டவர்களின் கணிப்பொறியில் வெளியார் நிரலை ஏற்றி ஓட்ட வழியிருந்தது.

டிரேஸின் கதை வேறு. அதன் வழியே குக்கியைத் திருடலாம் என 2003-இல் ஜெரமையா கிராஸ்மன் காட்டினார். இன்றைய பிரவுசர்கள் அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஆயினும் அப்பாச்சியில் ‘டிரேஸ்எனேபிள் ஆஃப்’ என்ற ஒரே வரியில் அடைத்துவிடலாமே!

புட்டும் டெலீட்டும் வேலைக்குத் தேவைப்படும் நிரல்கள் உண்டு. அங்கே அடைத்தால் வேலை நின்றுபோகும். உள்ளே வருபவர் யாரென்று கேட்பதே முறை. பயர்வாலின் சொந்த நிர்வாகப் பக்கத்தில் குறை தெரிந்தால், அப்பக்கம் உள் வலையமைப்புக்கு மட்டும் தெரியும்படி செய்து, தயாரிப்பாளரின் புதுப்பிப்பை ஏற்ற வேண்டும்.

ஒரு நுணுக்கம். அப்பாச்சியில் ‘லிமிட்’ என எழுதி, கெட், போஸ்ட் இரண்டுக்கு மட்டும் கடவுச்சொல் வைத்தால், பெயர் சொல்லாத மெதட்டை அந்த விதி தடுக்காது. ‘லிமிட்எக்செப்ட்’ என்றால் பெயர் சொன்னவை தவிர மற்ற அனைத்துக்கும் தடை பொருந்தும். பிறகு மறுபடி தட்டிப் பார்த்து, வந்த பதிலை அறிக்கையோடு சேர்த்து வைக்க வேண்டும்.