காப்பியடித்து மாட்டிக்கொண்ட கிருமி!

கண் உறுத்தினால் பெரியவர்கள் சொட்டு மருந்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். விட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் லேசாகக் கசக்கும். கண்ணில் விட்ட மருந்து தொண்டைக்கு எப்படி வந்தது? கண்ணின் ஓரத்திலிருந்து மூக்குக்கு ஒரு சின்னஞ்சிறு குழாய் போகிறது. அதன் வழியே இறங்கிவிடுகிறது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்!

2022-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அமெரிக்காவின் பல ஊர்களில் ஒரு பாக்டீரியா தலைகாட்டத் தொடங்கியது. அதன் பெயர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. ஈரமான இடம் என்றால் இதற்குக் கொண்டாட்டம். மண், தண்ணீர், கை கழுவும் தொட்டியின் வடிகுழாய் என்று பல இடங்களில் குடியிருக்கும். திடமாக ஓடியாடுகிறவர்களை இது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைத்தான் பாடாய்ப் படுத்தும். அதிலும் இப்போது வந்த ரகம் பொல்லாதது. டாக்டர்கள் வேறு வழியில்லாதபோது கையில் எடுக்கும் வலுவான ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கே அது அசைந்து கொடுக்கவில்லை.

ஒருவருக்குக் கண்ணில் கிருமி. இன்னொருவருக்குச் சளியில். வேறொருவருக்குச் சிறுநீரில். ஊரும் வேறு, ஆஸ்பத்திரியும் வேறு. இதெல்லாம் தனித்தனியாக வந்ததா, அல்லது ஒரே இடத்திலிருந்து கிளம்பி வந்ததா? மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி குச்சிகள்தான். என்ன செய்வது?

இந்த இடத்தில் எங்கள் வாத்தியார் வித்தை ஒன்றைச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் நான் ஆசிரியராக இருந்தபோது, சொல்வதெழுதுதலில், "பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகள் கூட்டமாக வரும்" என்று சொன்னேன். ஒரு பையன் 'பூநாரைகள்' என்பதைப் 'பூநரிகள்' என்று எழுதியிருந்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும் 'பூநரிகள்'! அதற்கும் பின்னால் இருந்தவன் நோட்டில் 'பூநரிகள்' இருந்தது. கூடவே 'கூட்டமாக' என்பது 'கூடமாக' ஆகியிருந்தது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்கவே வேண்டாம். நரி முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுக்கு ஓடியிருக்கிறது, போகிற வழியில் ஒரு புதுப் பிழையும் சேர்ந்திருக்கிறது. (ல, ள, ழ தவறு எல்லோருக்கும் வரும். அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. விசித்திரமான பிழைதான் காட்டிக் கொடுக்கும்.)

பாக்டீரியாவும் காப்பியடிக்கிற மாணவன்தான். ஒன்று இரண்டாகப் பிரியும்போது, தன் உடலில் உள்ள டி.என்.ஏ. என்ற பாடப் புத்தகத்தை முழுவதும் பார்த்து இன்னொரு பிரதி எழுதுகிறது. அந்தப் புத்தகத்தில் ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். சூடோமோனாஸின் புத்தகத்தில் இவை 60 லட்சத்துக்கும் மேல் வரிசையாக நிற்கும்! அவ்வளவையும் எழுதும்போது எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். அந்தப் பிழை அதன் வாரிசுகளுக்கெல்லாம் போகும். அந்த எழுத்துகள் அனைத்தையும் இயந்திரத்தில் படித்துக் கணினியில் வரிசைப்படுத்துவதுதான் மரபணு வரிசை ஆய்வு. இரண்டு நோயாளிகளின் கிருமிகளில் சில எழுத்துகள் மட்டுமே வேறுபட்டால், அவை நெருங்கிய சொந்தம். ஆயிரக்கணக்கில் வேறுபட்டால் அன்னியர்.

அமெரிக்காவின் சி.டி.சி. என்ற நோய்க் கட்டுப்பாட்டு மையம் இப்படிப் படித்துப் பார்த்தது. பல மாநிலத்து நோயாளிகளின் கிருமிகள் ஒரே குடும்பம்! அதற்கு முன் அந்த நாட்டில் பதிவாகாத குடும்பம்.

அப்படியானால் இவர்கள் எல்லோருக்கும் பொதுவான பொருள் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? நோயாளிகளிடம் விசாரித்தார்கள். பலர் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து விட்டவர்கள். பிராண்டுகள் பத்துக்கு மேல் இருந்தாலும், அதிகம் பேர் சொன்ன பெயர் 'எஸ்ரிகேர்'. கண்ணில் விட்ட சொட்டிலிருந்து கிருமி மூக்குக்கும் போக வழி உண்டு. அந்தக் குழாயை மறக்கவில்லையே?

அடுத்துத் திறந்த பாட்டில்களைச் சோதித்தார்கள். உள்ளே அதே குடும்பத்துக் கிருமி! நோயாளியின் கைபட்டு பாட்டிலுக்குள் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆனால் கண்ணில் நோய் வராதவர்களின் பாட்டிலிலும், வேறு வேறு மாநிலத்துப் பாட்டிலிலும், வேறு வேறு பேட்ச் எண் உள்ள பாட்டிலிலும் அதே கிருமி இருந்தது.

அந்த மருந்து தயாரானது எங்கே தெரியுமா? நம் தமிழ்நாட்டில்! செங்கல்பட்டு மாவட்டம் ஆலத்தூரில் உள்ள குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனத்தில். 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி அந்த நிறுவனம் மருந்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நமது மருந்து ஆய்வாளர்களும் உடனே ஆலைக்குப் போனார்கள். இங்கே வைத்திருந்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று இந்தியத் தரப்பில் சொல்லப்பட்டது. ஆலைக்கு வந்து பார்த்த அமெரிக்க அதிகாரிகளோ, கிருமி புகாமல் தயாரிக்கும் முறைகளில் குறைகள் இருப்பதாக எழுதினார்கள்.

மொத்தம் 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேருக்குப் பார்வை இழப்பு. 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. 4 பேர் இறந்துபோனார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் அப்பாவோ அம்மாவோ உங்கள் வீட்டில் இருந்தால், பேட்ச் எண் எதற்கு என்று கேளுங்கள். ஒரு பொருளில் கோளாறு என்றால், கூடவே தயாரானவற்றை அந்த எண்ணை வைத்துத்தான் தேடிப் பிடிப்பார்கள்.

இது பாட்டிலில் பயணம் செய்த கிருமி. மனிதரோடு நடந்து வந்தால்?

2011-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ரோஸி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் வார்டில் அப்படித்தான் நடந்தது. ஆறு மாதங்களில் 12 குழந்தைகளிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி இருந்தது. அருகிலுள்ள சாங்கர் ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் மரபணு வரிசையைப் படித்து, எல்லாம் ஒரே குடும்பம் என்று கண்டுபிடித்தார்கள். வார்டை நன்றாகச் சுத்தம் செய்தார்கள். கிருமி இருந்த கடைசிக் குழந்தையும் வீடு திரும்பி 64 நாட்கள் ஆகிவிட்டன. அப்போது பார்த்து, இன்னொரு குழந்தையிடம் அதே கிருமி!

இத்தனை நாளும் அது எங்கே ஒளிந்திருந்தது? யாரோ தங்கள் உடம்பில் சுமந்திருக்க வேண்டும். ஊழியர்கள் 154 பேரைச் சோதித்தார்கள். ஒரே ஒருவரிடம் இருந்தது, அதே குடும்பம். பாவம், அவருக்கே அது தெரியாது. சிகிச்சை கொடுத்து அவரிடமிருந்து கிருமியை அகற்றினார்கள். அவர் யார் என்பதை ஆய்வுக் கட்டுரையில்கூட எழுதவில்லை.