எண்ணெய் வர்ணம் எப்படிக் காய்கிறது?

நீர்வர்ணம், அதிலுள்ள நீர் ஆவியாகிக் காயும். எண்ணெய் வர்ணம் அப்படியல்ல. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஒட்சிசனை உள்வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து மெதுவாக இறுகுகிறது. தேங்காய் எண்ணெயில் இது நடக்காது. அதன் கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் நிரம்பியவை, பிணைவதற்கு இடமில்லை. நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவே. நாள்பட்ட சட்டியின் விளிம்பில் அது பசையாகப் படிவதைப் பார்த்திருக்கலாம்.

வெளியில் வரைபவருக்கு இந்த மந்தம் வரமும் தொல்லையும். வன்னியில் ஒட்டுசுட்டான் அருகே கற்சிலைமடுவில், சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் தோற்றதைக் குறிக்க நாட்டப்பட்ட கல்லை எடுத்துக்கொள்வோம். அது சொல்லும் நாள் 1803 ஒக்ரோபர் 31. இத்தகைய கல்லில் வெட்டிய எழுத்து, காலைச் சாய்வெயிலில் நிழலோடு ஆழமாகத் தெரியும், உச்சிவெயிலில் மங்கிவிடும். எனவே நிழல்களை முதலில் கற்பூரத்தைலம் (டர்பன்டைன்) கலந்த மெல்லிய பூச்சால் விரைவாகக் குறிக்க வேண்டும். எண்ணெய் கூடிய பூச்சு அதன் மேலேதான் வரலாம். முறை மாறினால், கீழ்ப்பூச்சு காயுமுன் மேற்பூச்சு இறுகி வெடிக்கும்.

1841இல் ஓவியர் ஜோன் ராண்ட் வர்ணம் அடைக்கும் தகரக் குழாயை உருவாக்கியபின்தான் வர்ணத்தை வெளியே சுமப்பது எளிதானது. வன்னியின் வெயில் காய்வதை விரைவுபடுத்தும். சோளகக் காற்று கிளப்பும் செம்மண் தூசியோ ஈரப்பூச்சில் ஒட்டிக்கொள்ளும். மேல் தோல் சில நாளில் காய்ந்தாலும் உள்ளே இறுக மாதங்களாகும். வழக்கமான வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.